பழைய டூரிங் பைக்கின் மங்கலான ஹெட்லைட்: ரிலே போட்டு ஓட்டிய அனுபவம்

1980களில் வந்த டூரிங் பைக் ஒன்றைப் பல வருடங்களாக ஓட்டி வருகிறேன். பெரிய ஃபேரிங், இரண்டு பக்கமும் பெட்டி, நாள் முழுக்க உட்கார்ந்தாலும் இடுப்பு வலிக்காத சீட். இன்ஜினைப் பற்றி ஒரு குறையும் சொல்ல முடியாது. பொழுது சாய்ந்தால்தான் சிக்கல். லோ பீமில் சாலை பழுப்பு நிறமாகத் தெரியும், எதிரே ஒரு வண்டி வந்து போனால் அதுவும் தெரியாது. யாரிடம் கேட்டாலும் “பழைய வண்டி லைட் அப்படித்தான் இருக்கும்” என்றே பதில் வந்தது.

எனக்கு அது சரியாகப் படவில்லை. இந்த வண்டியில் இருப்பது சாதாரண எச்4 பல்பு, 60/55 வாட். 1971இலிருந்து புழக்கத்தில் இருக்கும் வகை. 13.2 வோல்ட் கிடைத்தால் ஹை பீமில் சுமார் 1650 லூமென் (வெளிச்சத்தை அளக்கும் அலகு), லோ பீமில் சுமார் 1000 லூமென் தர வேண்டும் என்பது அதற்கான தரவரையறை. எத்தனையோ கார்கள் இதே பல்பை வைத்து இரவெல்லாம் ஓடியிருக்கின்றன. அப்படியானால் பல்பு வரைக்கும் அந்த 13.2 வோல்ட் வந்து சேர்கிறதா என்று பார்ப்பதுதான் முதல் வேலை.

ஹாலஜன் பல்பில் வோல்ட் கொஞ்சம் குறைந்தாலே வெளிச்சம் நிறையக் குறையும். வோல்ட் எந்த விகிதத்தில் மாறுகிறதோ அதன் ஏறத்தாழ 3.4ஆம் அடுக்குக்கு வெளிச்சம் மாறும் என்பது கணக்கு. 13.2க்குப் பதில் 12 வோல்ட் போனால் வெளிச்சத்தில் நூற்றுக்கு எழுபத்திரண்டு பங்குதான் மிஞ்சும். 11 வோல்ட் என்றால் பாதிதான். நிறமும் வெள்ளையிலிருந்து மஞ்சளாகி, பிறகு பழுப்பாகும். என் வண்டியில் தெரிந்த அந்தப் பழுப்பு நிறமே பாதி விடையைச் சொல்லிவிட்டது.

அளப்பதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். கனெக்டரைப் பல்பிலிருந்து கழற்றிவிட்டு அளந்தால் மல்டிமீட்டர் நல்ல வோல்ட்டையே காட்டும். கரண்ட் ஓடாத ஒயரில் இழப்பும் இருக்காது. பல்பு மாட்டி எரிந்துகொண்டிருக்கும்போதே கனெக்டரின் பின்பக்கமாக ஊசியை நுழைத்து அளக்க வேண்டும். இன்ஜினும் ஓட வேண்டும், 3000 ஆர்பிஎம் அளவில் பிடித்துக்கொள்ள வேண்டும். பல பழைய வண்டிகள் ஐடிலில் சரியாக சார்ஜ் ஆகாது. ஐடிலில் லைட் சற்று மங்கி, த்ராட்டில் கொடுத்தால் தெளிவது அந்தக் காலத்து வண்டிகளில் இயல்புதான். த்ராட்டில் கொடுத்தும் பேட்டரியில் 13.5 வோல்ட்டைத் தாண்டவில்லை என்றால் ஹெட்லைட்டை விட்டுவிட்டு, மின்சாரம் உண்டாக்கும் ஸ்டேட்டரையும் அதன் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரையும் பாருங்கள்.

என் வண்டியில் பேட்டரி முனையில் 14.1 வோல்ட் இருந்தது. பல்பின் இரண்டு முனைகளுக்கும் நடுவே லோ பீமில் 12.0. அதாவது 2.1 வோல்ட் வழியிலேயே போய்விட்டது. எங்கே போனது என்று கண்டுபிடிப்பதுதான் இந்த வேலையிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி. மீட்டரின் ஒரு ஊசி பேட்டரி பாசிட்டிவில் இருக்கட்டும், இன்னொன்றை ஒவ்வொரு இணைப்பாக நகர்த்திக்கொண்டே போனால் எந்த இடத்தில் எண் எகிறுகிறது என்று தெரிந்துவிடும். ஃபியூஸ் பெட்டியில் 0.2, சாவி சுவிட்ச்சில் 0.6, ஸ்டார்ட்டர் பட்டனில் 0.3, டிம்-டிப் (ஹை பீம், லோ பீம் மாற்றும்) சுவிட்ச்சில் 0.5, மெல்லிய ஒயர்களில் ஒரு 0.1. மீதி 0.4 எர்த் பக்கம். ஸ்டார்ட்டர் பட்டன் இதில் எப்படி வந்தது என்று தோன்றலாம். வண்டியை ஸ்டார்ட் பண்ணும் நேரம் ஹெட்லைட்டை அணைத்து பேட்டரிக்குச் சுமை குறைக்க, அந்தக் காலத்துப் பல வண்டிகளில் ஹெட்லைட்டின் கரண்ட்டையே அந்தப் பட்டன் வழியாகக் கொண்டுபோயிருப்பார்கள்.

டிம்-டிப் சுவிட்ச்சைத் திறந்து பார்த்தேன். உள்ளே இருந்த கிரீஸ் பழைய மெழுகு மாதிரி இறுகி, செம்புத் தகடுகள் கறுத்துப் போயிருந்தன. லோ பீம் பக்கத் தகட்டில் மட்டும் நகக்கண் அளவுக்கு ஒரு குழி. அதைச் சுற்றி இருந்த பிளாஸ்டிக் லேசாக உருகிப் பழுப்பேறியிருந்தது. ஒயர் சாலிடர் பண்ணிய இடத்தில் பச்சைக் களிம்பு. கிட்டத்தட்ட ஐந்து ஆம்பியர் கரண்ட் இத்தனை வருடமும் இந்தச் சின்னத் தகடு வழியாகத்தான் போயிருக்கிறது. திறக்கும்போது கீழே ஒரு துணி விரித்துக்கொள்ளுங்கள். உள்ளே ஸ்பிரிங்கும் அரிசி அளவு குண்டு ஒன்றும் இருக்கும், தெறித்து ஓடினால் கிடைக்காது. கான்டாக்ட் கிளீனர் அடித்து, 1000 எண் உப்புத்தாளால் மெதுவாகத் தேய்த்து, புது கிரீஸைப் பேருக்குத் தடவினேன். 0.5 இருந்த இடத்தில் 0.2 ஆனது. நல்ல பலன்தான், ஆனால் நிரந்தரமில்லை. கரண்ட் முழுவதும் அதே வழியில் போகும் வரை தகடு மறுபடி கறுக்கும்.

அதனால் ரிலே போட்டேன். சிறு கரண்ட்டில் இயங்கி, பெரிய கரண்ட்டை வேறு வழியில் திறந்துவிடும் மின்காந்த சுவிட்ச்தான் ரிலே. ஹை பீமுக்கு ஒன்று, லோ பீமுக்கு ஒன்று. பேட்டரியிலிருந்து 2.5 சதுர மி.மீ. ஒயர், பேட்டரிக்குப் பக்கத்திலேயே 15 ஆம்பியர் ஃபியூஸ், அங்கிருந்து ரிலேயில் கரண்ட் உள்ளே வரும் 30ஆம் முனைக்கு. வெளியே போகும் 87இலிருந்து பல்புக்கு. பல்பின் எர்த்தும் ஃபிரேமை நம்பாமல் நேராக பேட்டரி நெகட்டிவுக்கு. பழைய ஹெட்லைட் கனெக்டரை வெட்டவில்லை. அதில் பொருந்தும் ஆண் பிளக் ஒன்றை வைத்து ரிலே காயிலின் 85, 86 முனைகளுக்கு சிக்னலாக எடுத்துக்கொண்டேன். ரிலே காயிலுக்கு ஆம்பியரில் ஐந்தில் ஒரு பங்குகூடத் தேவைப்படாது. பழைய சுவிட்ச்சுகளுக்கு இப்போது அவ்வளவுதான் வேலை. வேண்டாம் என்றால் எல்லாவற்றையும் உருவிவிட்டு வண்டியைப் பழைய நிலைக்கே கொண்டுபோகலாம். சில மாடல்களில் பல்பு எரியாவிட்டால் எச்சரிக்க கரண்ட்டைக் கவனிக்கும் பெட்டி ஒன்று இருக்கும். ரிலே போட்டால் அது பல்பு போய்விட்டதாகவே நினைத்துக்கொள்ளும். உங்கள் வண்டியின் ஒயரிங் படத்தில் அதை முதலில் பார்த்துவிடுங்கள்.

ரிலேக்குப் பிறகு பல்பில் 13.7 வோல்ட். கணக்குப்படி வெளிச்சம் ஒன்றரை மடங்குக்கு மேல், அதே பல்பில். கண்ணுக்கு அதைவிட அதிகமாகத் தெரிந்தது, நிறம் வெள்ளையானதும் ஒரு காரணம். சாலை ஓரத்து மண் எங்கே தொடங்குகிறது என்பது லோ பீமிலேயே தெரிகிறது. இரவுப் பயணத்தில் எனக்கு வேண்டியது அதுதான்.

இத்தனை காலம் ஓட்டியதில் தெரிந்த குறைகளையும் சொல்ல வேண்டும். வோல்ட் கூடியதால் பல்பு முன்பைவிடச் சீக்கிரம் போகிறது. இது எதிர்பார்த்ததுதான். 5 சதவீதம் வோல்ட் ஏறினால் ஆயுள் கிட்டத்தட்ட பாதியாகிவிடும் என்பார்கள். அந்த விலை எனக்குச் சம்மதம். ஒரு பல்பு எப்போதும் டேங்க் பேகில் இருக்கிறது. அப்புறம், நீண்ட மழைப் பயணம் ஒன்று முடிந்து லைட் விட்டுவிட்டு எரிந்தது. ரிலேக்களில் குறை இல்லை, முனைகள் கீழ்நோக்கி இருக்கும்படி மாட்டியதால் தண்ணீர் தங்கவில்லை. ஃபியூஸ் ஹோல்டருக்குள்தான் களிம்பு. மூடி போட்ட ரப்பர் ஹோல்டராக மாற்றியதிலிருந்து தொந்தரவு இல்லை.

வோல்ட் சரியான பிறகும் ஒருமுறை சாமான் முழுக்க ஏற்றி, பின்னால் ஆளும் உட்கார்ந்தபோது சாலை மங்கலாகவே தெரிந்தது. பின்பக்கம் அமுங்கி பீம் மேலே போய்விட்டதுதான் காரணம். வெளிச்சம் மரக்கிளையில் விழுந்தால் தார்ச்சாலை இருட்டாகத்தானே இருக்கும்? பின் ஸ்பிரிங் பிரிலோடை (ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைக்கும் அளவு) ஏற்றி, சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி நிறுத்தி, லோ பீமின் மேல் விளிம்பு விளக்கின் உயரத்தைவிட 10 செ.மீ. கீழே விழும்படி திருகினேன். டூரிங் வண்டிக்காரர்கள் இதைப் பயணச் சுமையோடு செய்தால்தான் பலன்.

ரிஃப்ளெக்டரைத் துணியால் துடைக்காதீர்கள், அலுமினியப் பூச்சு கையோடு வந்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் அலசிக் காயவைத்தால் போதும்.

100/90 வாட் பல்பு போடச் சொல்பவர்கள் நிறையப் பேர். பழைய ஒயரிங்கில் அதைப் போட்டால் கரண்ட் கூடி, வழியில் போகும் இழப்பும் கூடி, கடைசியில் கனெக்டர் உருகும். ஆல்டர்னேட்டரும் 300 வாட் அளவில்தான் இருக்கும். எல்இடி பல்பை நான் இதில் போடவில்லை. ஹாலஜன் இழை இருக்கும் அதே இடத்தில் எல்இடியின் ஒளிப்புள்ளி அமையாவிட்டால் பீம் சிதறி எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கிறது. பல நாடுகளில் ஹாலஜன் விளக்கில் அதைப் போட அனுமதியும் இல்லை.

ஹெட்லைட் வேலை இத்துடன் சரி. இப்போது பின்விளக்கை அதே முறையில் அளந்துகொண்டிருக்கிறேன். எர்த் பக்கத்தில் 0.6 வோல்ட் காட்டுகிறது, வால்பகுதிக்குள் இருக்கும் கனெக்டரைக் கழற்ற வேண்டும்.