டாஸ்மேனியப் பெயர் அட்டவணை: நாடுகடத்தப்பட்ட சிறுவர்களைத் தேட எவ்வளவு உதவும்?

பிரிட்டனில் சில்லறைத் திருட்டுக்குப் பிடிபட்டு, பத்துப் பன்னிரண்டு வயதிலேயே ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றப்பட்ட மூதாதையைத் தேடுகிறீர்களா? பணம் கட்டும் தளங்களுக்குப் போகுமுன், ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியத் தீவில் நூலகங்களையும் ஆவணக் காப்பகத்தையும் நடத்தும் 'லைப்ரரீஸ் டாஸ்மேனியா'வின் பெயர் அட்டவணையைத் திறந்துவிடுங்கள். இலவசம். கையால் எழுதிய மூல ஏட்டின் படமே திரையில் வரும். 1803 முதல் 1853 வரை அந்தத் தீவுக்குக் கொண்டுவரப்பட்ட எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகளுக்கு இதைவிட நல்ல நுழைவாயில் கிடையாது. நியூ சவுத் வேல்ஸுக்குப் போனவர்களுக்கு வேறு காப்பகம். சென்னை மாகாணத்திலிருந்து சிங்கப்பூருக்கு அனுப்பப்பட்ட கைதிகளையும் இங்கே தேட வேண்டாம்.

பெயரைத் தட்டி, ஆவண வகையில் 'கைதிகள்' என்பதைத் தேர்ந்தால் போதும். சிக்கல் அதற்குப் பிறகுதான். ஜான் ஸ்மித் என்று போட்டால் பட்டியல் நீண்டுகொண்டே போகும். நம் ஊரில் இனிஷியல் செய்யும் வேலையை அங்கே கப்பலின் பெயர் செய்தது: இன்ன கப்பலில் வந்த ஜான் ஸ்மித் என்றுதான் எழுத்தர்கள் குறித்தார்கள். ஆகவே கப்பலையும் ஆண்டையும் முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தின் எச்ஓ 11 வரிசைப் பதிவேடுகளில் கப்பல் வாரியாகக் கைதியின் பெயர், தீர்ப்பான இடம், தேதி, தண்டனைக் காலம் எல்லாம் இருக்கும்.

சரியான ஆள் கிடைத்தால் நடத்தைப் பதிவேட்டுக்குப் போகலாம். 1840க்குப் பிந்தைய ஆண் கைதிகள் பெரும்பாலும் காப்பகத்தின் கான் 33 தொகுதியில், அதற்கு முந்தையவர்கள் கான் 31இல். பெண்களுக்குக் கான் 40, 41. கான் 33 பக்கம் ஒரு தகவல் சுரங்கம். உயரம், நிறம், புருவம், மூக்கு, முகவாய், பச்சை குத்திய எழுத்து வரை ஒன்றும் விடவில்லை. கீழே குற்றமும் தண்டனையும் பொடி எழுத்தில் நெருக்கியடித்துக் கிடக்கும். முதல்முறை படிப்பவர்கள் திணறுவது இங்கேதான்: 'டிஎல்' (TL) என்றால் டிக்கெட் ஆஃப் லீவ், அதாவது தண்டனை முடியுமுன் வெளியே வேலை பார்த்துப் பிழைக்க அனுமதி; 'சிபி' நிபந்தனை மன்னிப்பு; 'எஃப்எஸ்' தண்டனைக் காலம் முடிந்து விடுதலை. தளத்தில் எழுத்துப்பெயர்ப்பு கிடையாது. இது பெரிய குறைதான்.

பையன்களாக இருந்தால் 'பாயிண்ட் பியூர்' என்ற பெயரைத் தேடுங்கள். போர்ட் ஆர்தர் கைதிக் குடியிருப்புக்கு எதிரே 1834 முதல் 1849 வரை இயங்கிய சிறுவர் சிறை அது. சுமார் மூவாயிரம் பேர் அங்கே இருந்தார்கள். தச்சு, செருப்புத் தைத்தல், கல் கொத்துதல் என்று தொழில் பழக்கினார்கள். புகையிலை வைத்திருந்ததற்குத் தனியறைச் சிறை, அடங்காமைக்குப் பிட்டத்தில் இத்தனை அடி என்று ஏடு எண்ணிக்கையோடு சொல்லும்.

வயதை மட்டும் நம்பாதீர்கள். விசாரணையில் ஒரு வயது, கப்பலில் ஒன்று, இறங்கிய இடத்தில் இன்னொன்று. இங்கிலாந்தில் அரசுப் பிறப்புப் பதிவு 1837 ஜூலையில்தான் தொடங்கியது. அதற்கு முன் பிறந்தவருக்குத் தேவாலய ஞானஸ்நானப் பதிவேடே கதி. ஏட்டில் சொன்ன வயதுக்கு முன்னும் பின்னும் நாலைந்து ஆண்டு தள்ளித் தேடுங்கள்.

துணைக்கு 'டிஜிட்டல் பனாப்டிகான்' தளம் இருக்கிறது. லண்டன் ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தில் 1780க்குப் பின் தண்டனை பெற்ற சுமார் 90,000 பேரின் ஆவணங்களை ஒருவருக்கொரு பக்கமாகக் கோத்துத் தருகிறது. மான்செஸ்டரிலோ டப்ளினிலோ தீர்ப்பானவருக்கு இதனால் பயனில்லை. கோத்தது கணினி என்பதால் ஒரே பெயருள்ள இருவர் ஒட்டிக்கொள்வதும் உண்டு. கப்பலும் தீர்ப்புத் தேதியும் பொருந்தாமல் எதையும் குடும்ப மரத்தில் ஏற்றாதீர்கள். நீதிமன்றக் குறிப்பில் மரண தண்டனை என்று கண்டு தேடலை நிறுத்திவிடவும் கூடாது. 1789 ஜனவரியில் மேரி வேடு என்ற சிறுமிக்கு, இன்னொரு சிறுமியின் பருத்திக் கவுனையும் தோள்துணியையும் தொப்பியையும் பறித்ததற்காக, தூக்கு என்றுதான் தீர்ப்பானது. பிறகு அது நாடுகடத்தலாகக் குறைந்து, 1790 ஜூனில் லேடி ஜூலியானா கப்பலில் சிட்னி வந்திறங்கினாள். 1859இல் இறக்கும்போது அவளுக்கு எண்பது தாண்டிவிட்டது.

விடுதலைக் குறிப்போடு நடத்தைப் பதிவேடு வாயை மூடிக்கொள்ளும். கல்யாண அனுமதிகளும் டாஸ்மேனியப் பிறப்பு இறப்புப் பதிவுகளும் இதே அட்டவணையில் உண்டு. பழைய செய்தித்தாள்களுக்கு 'ட்ரோவ்' தளம், அதுவும் இலவசம். அங்கும் அகப்படவில்லையென்றால் ஆள் 1851க்குப் பின் தங்கம் தேடி விக்டோரியாவுக்குப் போயிருக்கலாம். அம்மாநில இறப்புச் சான்றிதழுக்குக் கட்டணம் உண்டு, கொடுக்கலாம். பெற்றோர் பெயர், பிறந்த ஊர், எந்தெந்தக் காலனியில் எத்தனை ஆண்டு என்றெல்லாம் அதில் இருக்கும். தகவல் சொன்னவர்கள் பெரும்பாலும் பிள்ளைகள் என்பதை மறக்க வேண்டாம். டாஸ்மேனியாவில் கழிந்த ஆண்டுகளை அவர்கள் சொல்லாமல் விட்டிருக்கலாம்.