பின் சக்கரத்துக்கு எந்தப் பேட்? ஆர்கானிக், செமி மெட்டாலிக், சின்டர்ட்

மோட்டார் சைக்கிளின் பின் பிரேக் பேட்டை, அதாவது சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் என்ற தகட்டை அழுத்திப் பிடிக்கும் உராய்வுத் துண்டை, வீட்டிலேயே மாற்றுவதென்று தீர்மானித்த ஒருவர், ஸ்பானரைக் கையில் எடுப்பதற்கு முன்னரே தீர்க்க வேண்டிய கேள்வி எந்த வகைப் பேட்டை வாங்குவது என்பதுதான். கொழும்பின் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் இந்தக் கேள்வி பெரும்பாலும் “எது நன்றாகப் பிடிக்கும்?” என்ற வடிவில் கேட்கப்படுகிறது. முன் சக்கரத்துக்கு அது சரியான கேள்வி. பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன்னோக்கிச் சாய்வதால் நிறுத்தும் வேலையின் பெரும்பகுதியை முன் சக்கரமே செய்கிறது. பாரம் குறைந்துவிட்ட பின் சக்கரத்துக்கு அளவுக்கு மீறிய பிடி கொடுத்தால் அது பூட்டிக்கொண்டு வழுக்கும். கொழும்பில் ஓடும் 150 சிசி வண்டிகளில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் இருந்தாலும் பலவற்றில் அது முன் சக்கரத்துக்கு மட்டுமே உள்ளது என்பதையும், மழை நனைத்த பாதசாரிக் கடவையின் வெள்ளைக் கோடு எவ்வளவு வழுக்கும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், பின்னுக்குத் தேவையானது அதிகப் பிடியல்ல, காலுக்குப் பழகிய, சீரான பிடி என்பது விளங்கும்.

ஆர்கானிக் பேட் என்பது நார்களையும் நிரப்புப் பொருட்களையும் பிசினால் இறுக்கிச் செய்தது. அது மென்மையானது; சத்தம் குறைவு; சூடேறாத நிலையிலேயே ஒழுங்காகப் பிடிக்கும்; டிஸ்க்கை அதிகம் தேய்க்காது. விரைவில் தேய்வது அதன் முதற்குறை. வெள்ளவத்தையிலிருந்து தெஹிவளை வரை மாலை நெரிசலில் ஊர்ந்து செல்பவர் காலைப் பின் பிரேக் மிதியிலேயே வைத்திருக்கும் பழக்கமுடையவராயின், ஓயாத உரசலில் பேட்டின் முகம் கண்ணாடிபோல் மினுங்கிப் பிடி குறைந்துவிடும். இதற்குப் பேட்டைக் குறைசொல்லிப் பயனில்லை. காலை எடுப்பதே மருந்து.

சின்டர்ட் பேட், செம்பு முதலிய உலோகத் தூள்களை அழுத்தமும் வெப்பமும் கொடுத்து ஒன்றாக்கியது. நீண்ட இறக்கத்தின் சூட்டிலும் நனைந்த நிலையிலும் பிடி தளராது என்பதும், ஆர்கானிக்கைவிட நெடுநாள் உழைக்கும் என்பதும் உண்மை. ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீற்றர் மழை பெய்யும் கொழும்புக்கு இதுவே ஏற்றதென்று வாதிடுவோர் உண்டு. அந்த வாதத்தில் பாதி சரி. ஆனால் கடினமான இந்தப் பேட், அதற்கென்று செய்யப்படாத டிஸ்க்கை விரைவாகத் தின்றுவிடும். டிஸ்க்கின் விலையோ பேட்டின் விலையைப்போல் பல மடங்கு. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 தொடக்கத்தில்தான் மீண்டும் திறக்கப்பட்டது என்பதால், நம்மில் பலர் ஓட்டுவது பழைய வண்டி. அதன் டிஸ்க் ஏற்கெனவே மெலிந்திருக்கும். டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிப்பை அளந்து பார்க்காமல் சின்டர்ட் வாங்குவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். தயாரிப்பாளரே சின்டர்ட் பூட்டி அனுப்பிய வண்டியென்றால் மட்டும் மறுபேச்சின்றி அதையே தொடர வேண்டும்.

பிசினுடன் உலோக இழைகளையும் கலந்த செமி மெட்டாலிக் இவை இரண்டுக்கும் இடைப்பட்டது. பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு அடிக்கடி கடுகண்ணாவை, றம்பொடை மலைப் பக்கம் ஏறி இறங்குபவருக்கு என் தெரிவு இதுதான். நகரத்துக்குள் மட்டும் ஓடுபவருக்கு, வண்டித் தயாரிப்பாளரின் சொந்தப் பெயரில் வரும் ஆர்கானிக்கே போதும்.

பேட்டின் பின்தகட்டில் சில வேளைகளில் இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும். முதலாவது சாதாரணச் சூட்டிலும், இரண்டாவது கடுஞ்சூட்டிலும் உள்ள உராய்வைக் குறிப்பவை. எஃப் என்றால் உராய்வுக் குணகம் 0.35 முதல் 0.45 வரை, ஜி என்றால் 0.45 முதல் 0.55 வரை, எச் என்றால் அதற்கும் மேல். எச்எச் என்று எழுதிய பேட்டைப் பின் சக்கரத்துக்கு வாங்க ஆசைப்படுவோர் மேலே சொன்ன வழுக்கலை ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது. எந்தக் குறியும் இல்லாத, பெட்டியில் பெயர்கூட ஒழுங்காக அச்சிடாத மலிவான பேட் இந்த ஒப்பீட்டுக்குள்ளேயே வராது.

வீட்டில் செய்யும் வேலை மூன்றுக்கும் ஏறக்குறைய ஒன்றே. பேட்டைத் தாங்கும் ஊசியை, கலிப்பர் (பேட்டை டிஸ்க்கோடு அழுத்தும் பாகம்) வண்டியில் இருக்கும்போதே தளர்த்த வேண்டும். கலிப்பருக்குள் இருந்து பேட்டைத் தள்ளும் பிஸ்டனை உள்ளே தள்ளுவதற்கு முன் அதன் வெளிப்பகுதியைத் துடைக்க வேண்டும். தள்ளும்போது மேலேறும் பிரேக் ஒயில் பெயிண்டைக் கெடுக்கும் என்பதால் அந்த ஒயில் இருக்கும் தாங்கியின் மட்டத்தில் ஒரு கண் இருக்க வேண்டும். தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். வேறுபாடு தெரிவது வகை மாறும்போதுதான். ஆர்கானிக்கிலிருந்து சின்டர்ட்டுக்கோ, மறுதலையாகவோ போனால், பழைய பேட் டிஸ்க்கில் விட்டுச்சென்ற மெல்லிய படிவைச் சாண்ட் பேப்பரால் இலேசாகத் தேய்த்து நீக்காவிட்டால் புதிய பேட் கூச்சலிடும், பிடியும் சீராக வராது. புதிய பேட்டை டிஸ்க்கோடு பழக்கியெடுக்கும் ஓட்டமும் சின்டர்ட்டுக்குக் கூடுதலாகத் தேவை. எதைப் பூட்டினாலும், வண்டியை நகர்த்துவதற்கு முன் மிதி இறுகும் வரை பலமுறை அழுத்தியாக வேண்டும். முதல் அழுத்தத்தில் பிரேக் இருக்காது.

கராஜில் கொடுத்தால் வேலை விரைவாக முடியும். ஆனால் பல இடங்களில் பேட்டை மாற்றுவதோடு நிறுத்திவிட்டு, கலிப்பர் நகரும் ஊசிகளைக் கழற்றித் துடைத்துக் கிரீஸ் இடுவதில்லை. மெரின் டிரைவ் வழியாகத் தினமும் போய்வருபவரின் வண்டியில் கடற்காற்றின் உப்பு முதலில் பிடிப்பது அந்த ஊசிகளைத்தான். அவை இறுகினால் மிக நல்ல பேட்டும் ஒரு பக்கம் மட்டும் தேயும். வீட்டில் செய்வதன் இலாபம் கூலியில் மிச்சமாகும் பணத்தைவிட இந்த அரைமணி நேரத் துப்புரவில்தான் அதிகம். பிஸ்டன் கையழுத்தத்துக்கு நகர மறுத்தாலோ, அதன் ஓரத்தில் ஒயில் கசிந்திருந்தாலோ, கசிவைத் தடுக்கும் ‘சீல்’ வளையத்தை மாற்ற வேண்டியிருக்கும். அப்போது புதிய பேட்டைப் பெட்டியிலேயே வைத்துவிட்டு, கலிப்பரைப் பிரித்து வேலைசெய்யும் பழக்கமுள்ள மெக்கானிக்கிடம் வண்டியைக் கொடுத்துவிட வேண்டும்.