பருத்தழும்பு வைத்தியம்: பேக்கேஜ் விற்ற கடையும் டார்ச் அடித்த டாக்டரும்

இந்தத் தடவை மெல்பர்னிலிருந்து மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டுக்குப் போனபோது எல்லாமே நல்லபடியாகத்தான் நடந்தது. ஆனால் எழுத உட்கார்ந்தால் ஒரு சாயங்காலம் மட்டும்தான் நினைவில் வந்து நிற்கிறது.

அக்கா மகளுக்குத் தை மாதம் கல்யாணம். இரண்டு கன்னத்திலும் பருக்குழி. எங்கள் குடும்ப வாகு அது. என் முகத்திலும் இருந்தது. மெல்பர்னில் பார்த்து ஓரளவு சமமாக்கிக்கொண்டேன். ரப்பர் தோட்டத்தில் இருந்த காலத்தில் பருவுக்கெல்லாம் யார் வைத்தியம் பார்த்தார்கள்? அரைத்த வேப்பிலை, சனிக்கிழமை எண்ணெய்க் குளியல். மிஞ்சிப்போனால் தோட்டத்து மருந்தகத்தில் இருக்கும் டிரஸர் காலமைன் லோஷன் தருவார், அதையும் திட்டிக்கொண்டேதான் தருவார். இப்போது பால்மரம் இருந்த இடத்தில் செம்பனை நிற்கிறது. லயத்து வரிசை வீடுகளில் இருந்த சனம் பாதிக்குமேல் தாமான் என்கிற குடியிருப்பு வீடுகளுக்குப் போய்விட்டது. கடை வரிசையில் எங்கே திரும்பினாலும் ஓர் அழகு நிலையம்.

அதில் ஒன்றில்தான், நான் வந்து இறங்குவதற்கு முன்பே, அக்கா 300 ரிங்கிட் முன்பணம் கட்டி வைத்திருந்தாள். "மெல்பர்ன்காரி, நீயும் வந்து பாரு" என்று கூட்டிக்கொண்டு போனாள்.

உள்ளே ஏர்கோன் குளிர், ரோஜா வாசனை. பிள்ளையின் முகத்தை ஒரு வெள்ளைப் பெட்டிக்குள் நுழைக்கச் சொன்னார்கள். நீல வெளிச்சம் ஒன்று அடித்தது. திரையில் அவள் முகம் புள்ளி புள்ளியாக, பார்க்கவே பயமாகத் தெரிந்தது. கீழே 'தோல் வயது 41' என்று வந்தது. பிள்ளைக்கு 24 வயது! அவள் கண் கலங்குவதற்குள் பிளாஸ்டிக் உறை போட்ட ஆல்பம் மடியில் வந்து விழுந்தது. முன்னால், பின்னால் என்று ஜோடி ஜோடியாகப் படங்கள். ஒன்றில்கூட நம் நிறத்து முகம் இல்லை. அந்தப் பெண் ஒட்டு நகத்தால் தட்டித் தட்டிக் காட்டினாள். "பத்து செஷன், 3,800 ரிங்கிட். இன்னைக்கே கட்டினா 2,900. தைக்குள்ள கண்ணாடி மாதிரி ஆயிடும்க்கா."

"எந்தக் குழிக்கு எது செய்வீர்கள்?" என்று கேட்டேன்.

"நம்ம லேசர் எல்லாத்துக்கும் பிடிக்கும்க்கா."

"என்ன லேசர்?"

"கொரியா லேசர்."

"டாக்டர் யாராவது வந்து போடுவாரா?"

"நாங்கதான் போடுவோம். டிரெயினிங் சர்டிபிகேட் மேல மாட்டியிருக்கு பாருங்க."

இதற்கு நடுவிலேயே கார்டு மிஷின் மேசைக்கு வந்துவிட்டது. மெல்பர்னில் என் தோல் மருத்துவர் கட்டணத்தில் ஒன்றும் குறைத்துக்கொள்பவர் இல்லை. ஆனால் கன்னத்தில் கை வைப்பதற்கு முன், கறுத்துப் போகலாம், சரியாகாமலும் போகலாம் என்று எழுதிய தாளைக் கையில் கொடுத்து, வீட்டுக்குப் போய் யோசித்துவிட்டு வரச் சொன்னார். அப்போது எரிச்சலாக இருந்தது. இங்கே கார்டு மிஷினைப் பார்த்த பிறகு அந்தத் தாளின் மேல் மரியாதையே வந்துவிட்டது. மலேசியாவிலும் சட்டம் இல்லாமல் இல்லை. இப்படிப்பட்ட லேசர், ஊசியெல்லாம் டாக்டர் கை வேலை. பொது மருத்துவராக இருந்தாலும் அழகு சிகிச்சை செய்ய அனுமதிக்கும் சுகாதார அமைச்சின் எல்.சி.பி. சான்று வேண்டும். அது கொரியா லேசருக்கும் சேர்த்துத்தான்.

கிளம்பும்போது இலவசம் என்று ஒரு 'நைட் கிரீம்' டப்பா வேறு. மேலே லேபிள் கிடையாது. முறையான அழகுப் பொருளில் என்.ஓ.டி. என்று தொடங்கும் எண் இருக்கும். இதில் டப்பாவின் அடியைத் திருப்பினால் வெறும் பிளாஸ்டிக். பாதரசமும், ஹைட்ரோகுவினோன் என்கிற வெளுப்பு மருந்தும் கலந்த கிரீம்களின் பெயரை, மருந்தையும் அழகுப் பொருளையும் கண்காணிக்கும் அரசு அமைப்பான என்.பி.ஆர்.ஏ. அடிக்கடி அறிவிக்கிறது. பெயரே இல்லாத டப்பாவை அவர்கள் எங்கே போய்த் தேடுவார்கள்? நான் அதைத் தொடவே விடவில்லை. "வெளிநாடு போனா எல்லாத்துலயும் குத்தம்" என்று அக்கா வழியெல்லாம் முணுமுணுத்தாள்.

மறுநாள் காலையிலேயே பிள்ளையை அரசாங்க கிளினிக்குக் கூட்டிப் போனேன். நம்பர் எடுத்து உட்காரும் கதை உங்களுக்குத் தெரியும், அதை விடுகிறேன். 1 ரிங்கிட் கட்டணம். இளவயது மலாய் டாக்டர், எங்களுக்காக, வலியைக் கேட்கும் மலாய்ச் சொல்லான "சாகிட்"டை விட்டுவிட்டு "வலிக்குதா?" என்று தமிழில் கேட்டார். அப்புறம் அவர் செய்ததுதான் விஷயம். மேலே எரிந்த விளக்கை அணைத்தார். சின்ன டார்ச்சைக் கன்னத்துக்குப் பக்கவாட்டில் பிடித்தார். ஒவ்வொரு குழிக்கும் நிழல் விழுந்தது. இரண்டு விரலால் தோலை இழுத்துப் பிடித்தார். அலை அலையாகத் தெரிந்த பள்ளங்கள் மறைந்தன. ஊசியால் குத்தியது போன்ற ஆழத் துளைகள் அப்படியே இருந்தன. நாலாயிரம் ரிங்கிட் கேட்ட கடை செய்யாத பரிசோதனை, ஒரு டார்ச்சில் முடிந்தது.

இழுத்தால் மறையும் பள்ளம், அடியில் நார் பிடித்து இழுப்பதால் வருவது. அதற்குத் தோலுக்கடியில் ஊசி விட்டு நாரை அறுக்கும் சப்சிஷன். எனக்கு அதைத்தான் செய்தார்கள். சில நாள் கன்னம் நீலம் பாரித்துக் கிடந்தது. ஊசித்துளைக் குழிக்கு அது உதவாது. துளைக்குள் மட்டும் கடும் டி.சி.ஏ. அமிலத்தை ஒரு புள்ளி வைப்பார்கள், இல்லாவிட்டால் 'பஞ்ச்' என்கிற சின்ன வட்டக் கத்தியால் வெட்டி எடுப்பார்கள். ஓரம் கூராகப் பெட்டி போல் இருப்பது வேறு ரகம், ஆழம் குறைவாக இருந்தால் நுண்ணூசிகளால் குத்தும் மைக்ரோநீட்லிங் அல்லது லேசர் கேட்கும். நம் நிறத்துக்கு லேசரைச் சும்மா ஏற்றினால் குழி குறைவதற்குள் கன்னம் கறுத்துவிடலாம். அதனால்தான் என் டாக்டர் கார்பன் டை ஆக்ஸைடு லேசரை எனக்கு வேண்டாம் என்று ஒதுக்கி மைக்ரோநீட்லிங்கோடு நின்றார். எது செய்தாலும் ஓரளவு குறையும், அவ்வளவுதான். கண்ணாடி ஆகாது.

இந்த டாக்டர் இன்னொன்றும் சொன்னார். பிள்ளைக்குத் தாடையோரம் புதுப் பரு இன்னும் சீழ் பிடித்து நிற்கிறது. அதை அடக்காமல் தழும்பில் கை வைத்தால் பழையதைத் தூர்க்கத் தூர்க்கப் புதுக்குழி விழும். கன்னத்தில் இருக்கும் பழுப்புத் திட்டெல்லாம் தழும்பே இல்லை, வெறும் கறை. சன்ஸ்கிரீன் விடாமல் போட்டு வந்தால் மாதக் கணக்கில் மங்கும். கடையில் படம் பிடித்துக் காட்டிய புள்ளிகளில் பாதி அதுதான். பென்சாயில் பெராக்சைடும் அடாப்பலீன் ஜெல்லும் எழுதினார். கல்யாணத்துக்குப் பிறகு குழந்தைக்கு யோசனை இருந்தால் முன்கூட்டியே சொல், ஜெல்லை நிறுத்த வேண்டும் என்றார். ஈப்போ பெரிய ஆஸ்பத்திரித் தோல் பிரிவுக்குக் கடிதமும் கொடுத்தார்.

தேதி கல்யாணம் முடிந்த பிறகுதான் கிடைத்தது. எரிச்சல்தான். ஆனால் மெல்பர்னிலும் நான் மாதக் கணக்கில்தான் காத்திருந்தேன், கட்டணமும் இங்கே அரசாங்க ஆஸ்பத்திரித் தோல் பிரிவில் மாதிரி 5 ரிங்கிட் இல்லை. கல்யாணத்துக்கு மேக்கப் போதும் என்று பிள்ளையே சொல்லிவிட்டாள். இப்போதைக்கு ஜெல் போட்டு மூக்கோரம் தோல் உரிகிறது என்று தினமும் எனக்குப் படம் அனுப்புகிறாள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடு, மாய்ஸ்சரைசர் போட்ட பிறகு போடு என்று நானும் தினமும் பதில் போடுகிறேன்.

அந்த 300 ரிங்கிட்? திருப்பித் தர மாட்டோம், வேறு சேவைக்குக் கழித்துக்கொள்ளலாம் என்கிறார்கள். பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 ரிங்கிட் கட்டி மனு போட்டால் போதும் என்று அக்காவிடம் சொல்லிப் பார்த்தேன். "அந்தப் பொண்ணோட அம்மாவும் நானும் ஒரே கோயில் கமிட்டி" என்கிறாள். அந்தப் பணத்துக்குக் கால் நகம் சரி பண்ணிக்கொள்ளப் போகிறாளாம்.