விட்டுப்போன மெடல் பதிவில் ஏறியது: முன்னாள் படைவீரர் நல அலுவலகச் சேவை பற்றி என் அனுபவம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஐந்துக்கு நாலு ஸ்டார். எங்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு நான் கொடுக்கும் மதிப்பெண் அது. அதற்கு முன்னால் நாங்கள் போய் ஏமாந்த தனியார் ஏஜென்ட் கடைக்கு ஒன்றுமே கிடையாது. எந்த மாவட்டம், அப்பா எந்த ரெஜிமென்ட் என்று இங்கே எழுதவில்லை, ஏனென்றால் எங்கள் வேலையில் நடந்த தாமதத்துக்கு ஒருவரைக் கைகாட்டுவதற்காக இதை எழுதவில்லை. உங்கள் வீட்டில் ஒரு பழைய பட்டாளத்துக்காரர் இருந்து, அவருக்குச் சேரவேண்டிய மெடல் அவருடைய பதிவில் இல்லாமல் இருந்தால், என்ன செய்யவேண்டும் என்று தெரியட்டும்.

அப்பா 1966ல் சேர்ந்தவர், 1983ல் ஹவில்தாராக வெளியே வந்தார். 1971 டிசம்பர் சண்டையில் மேற்கு எல்லையில், ஷகர்கர் பக்கம் வண்டி ஓட்டினார். அருண் கேத்ரபால் டாங்கியோடு உயிர்விட்டு பரம்வீர் சக்கரம் பெற்ற பசந்தர் ஆற்றுச் சண்டை நடந்த அதே பகுதி. கண்ணிவெடி வயலில் நம்ம மெட்ராஸ் சாப்பர்ஸ் (ராணுவப் பொறியாளர் படை) தம்பிகள் சுத்தம் செய்து கொடுத்த தடத்தில், இரண்டு பக்கமும் கட்டியிருந்த வெள்ளை நாடாவை மட்டும் பார்த்துக்கொண்டு இருட்டில் வண்டியை ஓட்டியதை இன்றைக்கும் சொல்வார். நாடா ஆடியதா, காற்று அடித்ததா என்பதுவரை சொல்வார். ஆனால் மெடல் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார்.

சில வருஷத்துக்கு முன்னால் ஒரு குடியரசு தினத்துக்கு எங்கள் ஊர்ப் பள்ளியில் கொடியேற்றக் கூப்பிட்டிருந்தார்கள். மெடல்களைச் சட்டையில் குத்திக்கொண்டு போனார். அங்கே வந்திருந்த இன்னொரு எக்ஸ் சர்வீஸ்மேன் அவர் மார்பைப் பார்த்துவிட்டு, "அண்ணே, சங்கிராம் மெடல் இருக்கு, பஸ்சிமி ஸ்டார் எங்கே? நீங்க வெஸ்ட்லதானே இருந்தீங்க?" என்று கேட்டார். அப்பா சிரித்துவிட்டு, "கிளார்க் விட்டுட்டாரு, கிடக்கட்டும்" என்றார். ஐம்பது வருடத்துக்கு மேலாக அதை மனதில் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். 1971 போருக்கு முக்கியமாக மூன்று மெடல்கள். கிழக்கே, இன்றைய வங்கதேசப் பக்கம் சண்டையில் இருந்தவர்களுக்கு பூர்வி ஸ்டார், மேற்கே இருந்தவர்களுக்கு பஸ்சிமி ஸ்டார். எல்லையோர மாநிலங்களில் பணியில் இருந்தவர்களுக்குப் பரவலாகக் கொடுத்தது சங்கிராம் மெடல். இவை வீரத்துக்கான விருதுகள் கிடையாது, போர்க்களத்தில் இருந்ததற்கான அடையாளம். யாரும் சிபாரிசு செய்யவேண்டியதில்லை, அந்தக் காலத்தில் அந்த இடத்தில் இருந்தாலே உரிமை வந்துவிடுகிறது. அதனால்தான் இது விட்டுப்போனால் அவ்வளவு வலிக்கிறது. அந்த இடத்தில் நீ இல்லவே இல்லை என்று காகிதம் சொல்வது மாதிரி ஆகிவிடுகிறது.

அப்பாவுக்கு ஏன் விட்டுப்போனது என்றால், சண்டை நேரத்தில் ஆறு வாரம் அவரை வேறொரு யூனிட்டோடு அட்டாச்மென்ட்டில், அதாவது தற்காலிகமாக, அனுப்பிவிட்டார்கள். மெடல் பட்டியல் தயாரித்தபோது சொந்த யூனிட் தன் ஆட்களை மட்டும் எழுதியது, அட்டாச் ஆன யூனிட்டும் தன் ஆட்களை மட்டும் எழுதியது. நடுவில் அப்பா விழுந்துவிட்டார். அட்டாச்மென்ட்டில் போனவர்கள், ஆஸ்பத்திரியில் கிடந்தவர்கள், அந்தச் சமயம் பார்த்து மாற்றலில் இருந்தவர்கள் இருந்தால் கட்டாயம் டிஸ்சார்ஜ் புத்தகத்தை, அதாவது பட்டாளத்தை விட்டு வரும்போது கொடுத்த சர்வீஸ் விவரப் புத்தகத்தை, ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

முதலில் செய்த தப்பைச் சொல்கிறேன். பக்கத்து டவுனில் எக்ஸ் சர்வீஸ்மேன் வேலையெல்லாம் முடித்துக் கொடுக்கிறோம் என்று போர்டு வைத்த ஒரு கடை. ஜெராக்ஸ் மிஷின், இரண்டு கம்ப்யூட்டர், சுவர் முழுக்க ராணுவப் படங்கள். நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு மூன்று பக்கத்துக்கு இங்கிலீஷில் ஒரு மனு அடித்து, பிரயாக்ராஜில் இருக்கும் பென்ஷன் கணக்கு அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டார்கள். மெடல் பதிவுக்கும் அந்த அலுவலகத்துக்கும் சம்பந்தமே இல்லை, அவர்கள் பார்ப்பது பென்ஷன். அதோடு மனுவில் அப்பாவின் வீரச் செயலுக்கு விருது வழங்கவேண்டும் என்று எழுதியிருந்தார்கள். அப்பா அதைப் படித்துப் பார்த்துவிட்டு, "நான் எப்படா இதைக் கேட்டேன்?" என்று கோபப்பட்டார். நியாயமான கோபம். புது விருது கேட்பது வேறு, ஏற்கெனவே உரிமையான ஒன்றைப் பதிவில் ஏற்றக் கேட்பது வேறு. இந்த வித்தியாசம் தெரியாதவரிடம் பணம் கொடுக்காதீர்கள். இன்னும் சொல்லப்போனால், இந்த வேலைக்கு யாருக்குமே பணம் கொடுக்கத் தேவையில்லை.

சரி, அடுத்து மாவட்ட நல அலுவலகத்துக்குப் போனோம். காலை பத்தரை மணி, மர பெஞ்சில் ஏழெட்டு பேர், பாதிப் பேர் பென்ஷன் விஷயமாக வந்த அம்மாக்கள். அங்கே நல அமைப்பாளராக இருப்பவர் ஓய்வுபெற்ற சுபேதார், சர்வீஸில் கிளார்க்காகவே இருந்தவர். நாங்கள் பெரிய கதையாகச் சொல்ல ஆரம்பித்தோம். அவர் கையை நீட்டி, "அண்ணே, புத்தகத்தைக் கொடுங்க" என்றார். டிஸ்சார்ஜ் புத்தகத்தின் அட்டை ஓரமெல்லாம் நைந்து நூல் வெளியே வந்திருக்கும், அதைக் குழந்தையைத் தூக்குவது மாதிரி இரண்டு கையாலும் வாங்கினார். ஒரு ஸ்டீல் ஸ்கேலை வரிக்குக் கீழே வைத்து, ஒவ்வொரு வரியாக நகர்த்தி, ஒரு வார்த்தை பேசாமல் பதினைந்து நிமிஷம் படித்தார். மெடல் பக்கத்தில் ஸ்கேல் நின்றது. ஒன்பது வருஷச் சேவை மெடல் இருக்கிறது, 25ஆவது சுதந்திர ஆண்டு மெடல் இருக்கிறது, சங்கிராம் இருக்கிறது. "டிசம்பர் எழுபத்தொண்ணு எங்கே இருந்தீங்க?" என்று கேட்டார். அப்பா சொன்னார். "அட்டாச்மென்ட்டா?" என்றார். அப்பா தலையாட்டினார். அவ்வளவுதான், விஷயம் அவருக்குப் புரிந்துவிட்டது. நாங்கள் ஒரு வருஷமாக விளக்க முடியாததை அவர் ஒரு கேள்வியில் பிடித்தார்.

அவர் சொன்ன வழி இதுதான். ராணுவத்தில் ஒருவருக்கு நடக்கும் ஒவ்வொன்றும், கல்யாணம், குழந்தை பிறப்பு, மாற்றல், அட்டாச்மென்ட், மெடல், எல்லாமே பார்ட் டூ ஆர்டர் என்று ஒரு உத்தரவாக வெளியானால்தான் பதிவில் ஏறும். அது ஷீட் ரோல் என்கிற அவருடைய சர்வீஸ் ஆவணத்தில் இருக்கும், அதை வைத்திருப்பது அந்தந்த ரெஜிமென்ட்டின் ரெக்கார்ட் ஆபீஸ். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூரு, சிக்னல்ஸ் (தகவல் தொடர்புப் பிரிவு) என்றால் ஜபல்பூர், இ.எம்.இ. (வண்டி, இயந்திரம் பழுதுபார்க்கும் பிரிவு) என்றால் செகந்திராபாத், பீரங்கிப் படை என்றால் நாசிக் ரோடு. டில்லிக்கும் பாதுகாப்பு அமைச்சகத்துக்கும் மனு போட்டால் அது சுற்றிச் சுற்றி கடைசியில் இங்கேதான் வந்து சேரும். ஆகவே முதலிலேயே இங்கே எழுதுங்கள்.

ஆனால் உடனே எழுதவில்லை. "கையில ஆதாரம் இல்லாம கேட்டா, பதிவில் இல்லைன்னு ஒரு வரியில பதில் வரும்ணே" என்று சொல்லி, முதலில் தகவல் உரிமைச் சட்டத்தில் அப்பாவின் ஷீட் ரோல் நகலைக் கேட்கச் சொன்னார். பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டர், நகலுக்குப் பக்கத்துக்கு இரண்டு ரூபாய். தன்னுடைய ஆவணத்தைத்தான் கேட்கிறார் என்பதற்கு அடையாள அட்டை நகலும் வைத்தோம். முப்பது நாளுக்குள் பதில் தரவேண்டும் என்பது சட்டம். எங்களுக்குக் கொஞ்சம் தாண்டித்தான் வந்தது, ஆனாலும் வந்தது.

அந்த நகலை மேஜையில் விரித்துப்போட்டு லென்ஸ் வைத்துப் பார்த்தோம். மங்கலான டைப் எழுத்து, ஓரத்தில் யாரோ ஒருவருடைய சின்னக் கையெழுத்து. மூன்றாவது பக்கத்தில், நடுவில், அட்டாச் ஆன யூனிட்டின் பெயர், போன தேதி, திரும்பிய தேதி, பார்ட் டூ ஆர்டர் எண். டிசம்பர் மாதம் முழுக்க அதற்குள் வந்துவிடுகிறது. அப்பா அந்த வரியின்மேல் விரலை வைத்து எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். அந்த உத்தரவை எழுதிய கிளார்க்கின் பெயர்கூட அவருக்கு ஞாபகம் வந்தது.

அப்புறம் நல அமைப்பாளரே மனுவை எழுதிக் கொடுத்தார். ஒரே பக்கம். எண், பதவி, பெயர், சேர்ந்த தேதி, வெளிவந்த தேதி. இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை இந்த யூனிட்டோடு மேற்குப் பகுதியில் இருந்தேன், பார்ட் டூ ஆர்டர் எண் இது, பஸ்சிமி ஸ்டாருக்கான பதிவு விட்டுப்போயிருக்கிறது, சரிபார்த்துப் பதிவிட்டு டிஸ்சார்ஜ் புத்தகத்தில் திருத்தம் செய்யவும். ஒரு பெயரடை கிடையாது. கூடவே ஷீட் ரோல் நகல், டிஸ்சார்ஜ் புத்தக நகல், பென்ஷன் உத்தரவு நகல், ஆதார், முன்னாள் படைவீரர் அடையாள அட்டை. உதவி இயக்குநர் கையெழுத்தோடு அலுவலகக் கடிதம் வைத்து, ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் போனது. அசல் புத்தகத்தை மட்டும் எந்தக் காரணத்துக்கும் தபாலில் அனுப்பாதீர்கள், அவர்களாகக் கேட்டு எழுதினால் ஒழிய.

நான் ஒரு ஸ்டாரைக் குறைத்தது இதற்குப் பிறகு நடந்ததற்கு. நாலு மாதம் ஒரு தகவலும் இல்லை. ஐந்தாவது மாதம் ஒரு கடிதம் வந்தது, அப்பாவின் பெயர் ஆதாரில் ஒரு மாதிரியும் ஷீட் ரோலில் ஒரு மாதிரியும் இருக்கிறதாம். இனிஷியல் முன்னால் வருகிறது, பின்னால் வருகிறது, இங்கிலீஷில் ஒரு எழுத்து கூடுதல். நம்ம ஊர் ஆட்கள் முக்கால்வாசிப் பேருக்கு இந்தச் சிக்கல் இருக்கும். இருவரும் ஒரே ஆள்தான் என்று உறுதிமொழிப் பத்திரம் எடுத்து அனுப்பினோம். இதை நல அலுவலகம் முதல் நாளே பார்த்துச் சொல்லியிருக்கலாம், ஐந்து மாதம் மிச்சமாகியிருக்கும். அப்பாவுக்கு வயது எண்பதை நெருங்குகிறது, அவருக்கு ஐந்து மாதம் என்பது சின்ன விஷயம் இல்லை. போன் செய்தபோதெல்லாம் மரியாதையாகப் பேசினார்கள், இரண்டு தடவை நினைவூட்டல் கடிதமும் போட்டார்கள், அதையும் சொல்லவேண்டும்.

இன்னும் மூன்று மாதம் கழித்துக் கடிதம் வந்தது. பதிவு செய்யப்பட்டது, புது பார்ட் டூ ஆர்டர் எண் இது, மெடலுக்கான கோரிக்கை அனுப்பப்பட்டுள்ளது என்று. டிஸ்சார்ஜ் புத்தகத்தைப் பிறகு நேரில் கொண்டுபோய்க் காட்டி, சிவப்பு மையில் எழுதி முத்திரை வைத்து வாங்கினோம். மெடல் கைக்கு இன்னும் வரவில்லை. ஆனால் பதிவு ஏறிவிட்டது.

பஸ்சிமி ஸ்டார் ஏறியதால் அப்பாவுக்குப் பென்ஷன் ஒரு ரூபாய்கூட ஏறாது, அதை எதிர்பார்த்துப் போகாதீர்கள். வீர விருது என்றால் கதை வேறு. 2017 ஆகஸ்டிலிருந்து வீர் சக்கரத்துக்கு மாதம் 7,000, வீரத்துக்கான சேனா மெடலுக்கு 2,000 ரூபாய் படி இருக்கிறது. அது பென்ஷன் உத்தரவில் விட்டுப்போயிருந்தால் மாதாமாதம் நஷ்டம்தான், அதை முதலில் கவனியுங்கள். இன்னொன்று, பென்ஷன் இல்லாமல் வெளியே வந்தவர்களின் ஆவணங்களை 25 வருஷத்துக்குப் பிறகு அழித்துவிடுவார்கள். லாங் ரோல் என்கிற பதிவேடு மட்டும் நிரந்தரமாக இருக்கும், ஆனால் அதில் இவ்வளவு விவரம் கிடைக்காது. ஆகவே வீட்டில் இருக்கும் பழைய காகிதம் எதையும், மூவ்மென்ட் ஆர்டர், ஆஸ்பத்திரிச் சீட்டு, குரூப் போட்டோ, கரையான் அரித்ததாக இருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள்.

அன்றைக்கு பெஞ்சில் எங்களுக்குப் பக்கத்தில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். வீட்டுக்காரர் இறந்து ஆறு வருஷம். எந்த யூனிட், எந்த வருஷம் எங்கே இருந்தார் என்று நல அமைப்பாளர் கேட்டதற்கு, "காஷ்மீர்ல பனி அதிகம்னு எழுதுவாருங்க" என்பதைத் தவிர அவரால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. அவர் கொண்டுவந்திருந்த துணிப்பையில் நாலு மெடல் இருந்தன, ஒரு காகிதம் இல்லை. மெடலின் ஓரத்தில் பொறித்திருந்த எண்ணைப் பார்த்து நல அமைப்பாளர் குறித்துக்கொண்டார், அதிலிருந்து தொடங்கலாம் என்றார். அப்பா இருக்கும்போதே நாங்கள் வந்தது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. உங்கள் அப்பாவிடமோ தாத்தாவிடமோ இந்த வாரமே உட்கார்ந்து, எந்த வருஷம் எங்கே, யாரோடு என்று கேட்டு எழுதி வைத்துவிடுங்கள்.

கடிதம் வந்த அன்று அப்பா அவருடைய கறுப்பு ட்ரங்க் பெட்டியைத் திறந்தார். மூடியில் வெள்ளை பெயிண்டில் அவர் எண்ணும் பெயரும் இன்னும் அழியாமல் இருக்கிறது. கடிதத்தை பிளாஸ்டிக் கவரில் போட்டு உள்ளே வைத்தவர், மறுபடி வெளியே எடுத்து, "இதை ரெண்டு ஜெராக்ஸ் எடுத்துட்டு வா" என்றார். எதற்கு என்று கேட்டேன். அதே அட்டாச்மென்ட்டில் அவரோடு வண்டி ஓட்டிய ஒருவர் திருவண்ணாமலைப் பக்கம் இருக்கிறாராம், அவருக்கும் விட்டுப்போயிருக்கிறதாம். அடுத்த திங்கள்கிழமை அவரைப் பார்க்க இரண்டு பேரும் போகிறோம். பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டரை இப்போதே வாங்கி வைத்துவிட்டேன்.