இன்கம் டாக்ஸ் கட்டித் தருகிறேன் என்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்: 33,820 ரூபாய் போன கதை

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். வட சென்னையில் தண்டையார்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டை, காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் இருப்பவர்கள் கண்டிப்பாகப் படியுங்கள். 2025-இல் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யக் கடைசித் தேதியை ஜூலை 31-லிருந்து செப்டம்பர் 15-க்குத் தள்ளி வைத்திருந்தார்கள், அந்தச் சமயத்தில் ஆரம்பித்தது இது. 33,820 ரூபாயை ஒரு கடைக்காரரிடம் பறிகொடுத்துவிட்டுச் சொல்கிறேன், அவசரப்பட்டு யாரிடமும் போய் நிற்காதீர்கள். என்னென்ன எடுத்து வைக்க வேண்டும், எதையெல்லாம் சரிபார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

மணலியில் ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை பார்த்தேன். 2024 ஆகஸ்டோடு அதை விட்டுவிட்டு பாரிமுனைப் பக்கம் ஒரு ஷிப்பிங் ஆபீஸில் சேர்ந்தேன். அதனால் கையில் இரண்டு ஃபார்ம் 16 (சம்பளத்தையும் பிடித்த வரியையும் காட்டி கம்பெனி தரும் சான்று). யார்டு சம்பளம் 3,10,000, புது ஆபீஸ் சம்பளம் 5,32,000. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுக்கும் வரி வராது, அதனால் இரண்டு இடத்திலும் ஒரு பைசா பிடிக்கவில்லை. ஆனால் இரண்டையும் கூட்டி, வங்கி டெபாசிட் வட்டி 18,000-ஐயும் சேர்த்தால் 8,60,000. இரண்டு ஃபார்மிலும் 75,000 நிலையான கழிவு போட்டிருந்தார்கள். அது ஒரு தடவைதான் கிடைக்கும். மிச்சம் 7,85,000. புதிய வரி முறையில் 2024-25 நிதியாண்டுக்கு 7 லட்சம் வரைதான் தள்ளுபடி. அதைத் தாண்டியதால் வரியும் செஸ்ஸும் 29,640. முன்கூட்டி வரி கட்டாததற்கு வட்டி சேர்த்து 32,320. வருஷ நடுவில் வேலை மாறிய யாருக்கும் இது வரலாம். புது கம்பெனியில் ஃபார்ம் 12பி கேட்டு வாங்கி, பழைய சம்பளத்தை எழுதிக் கொடுத்திருந்தால் அவர்களே சேர்த்துப் பிடித்திருப்பார்கள். எங்கள் ஆபீஸில் அதை யாரும் கேட்கவே இல்லை.

இந்தக் கணக்கைத் தாக்கல் செய்ய நான் போன கடை எப்படிப்பட்டது என்று மட்டும் சொல்கிறேன். பான் கார்டு, ஆதார், பட்டா, ஜிஎஸ்டி, இன்கம் டாக்ஸ் என்று போர்டு முழுக்க எழுதியிருக்கும் ஒற்றை ஷட்டர் கடை. உள்ளே இரண்டு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின். தெருவில் எல்லோரும் அவரை ஆடிட்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவர் சிஏ படித்தவர் இல்லை என்பது எனக்கு இப்போதுதான் தெரியும். என் அம்மாவுக்கு ஆதாரில் முகவரி மாற்றிக் கொடுத்தவர். "அம்மாவுக்குக் காசு வேணாம்" என்று அப்போது வாங்க மறுத்தவர். அந்த மரியாதையில்தான் போனேன்.

நான் வெறுங்கையோடு போகவில்லை. ஃபார்ம் 16 இரண்டு, வங்கி வட்டிச் சான்று, ஏஐஎஸ் (நம் வருமானம் பற்றி வரித் துறையிடம் இருக்கும் விவரப் பட்டியல்) பிரிண்ட், பாஸ்புக் முதல் பக்கம், பான், ஆதார் நகல் எல்லாம் ஒரே ஃபைலில் வரிசையாக இருந்தது. அவர் ஒவ்வொரு தாளாகப் புரட்டிவிட்டு, "இப்டி அடுக்கி எடுத்தாற ஆளு நூத்துல ஒருத்தர்தான் தம்பி" என்றார். டீ வரவழைத்தார். கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பி, 32,320 எப்படி வருகிறது என்று வரி வரியாகக் காட்டினார். கணக்கு சரியாகத்தான் இருந்தது. சரியான கணக்கைக் காட்டுகிறவன் பணத்தில் கை வைப்பான் என்று யாருக்குத் தோன்றும்? ஆதார் ஓடிபி கேட்டார், பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். நானே நெட் பேங்கிங்கில் கட்டுகிறேன் என்றதற்கு, "சைட்டு ஹேங் ஆச்சுன்னா காசு நடுவுல மாட்டிக்கும் தம்பி. நம்ம அக்கவுண்டுக்குப் போடு, நான் கட்டிட்டு சலான் எடுத்துத் தர்றேன். டெய்லி பத்து பேருக்குக் கட்றேன்" என்றார். 32,320 வரி, 1,500 அவருடைய கூலி, மொத்தம் 33,820. ஜிபே-யில் போட்டேன். சாயங்காலமே சலானையும் தாக்கல் செய்த ரசீதையும் பிரிண்ட் எடுத்துக் கொடுத்துவிட்டார்.

அந்த சலான் இப்போது என் முன்னால் இருக்கிறது. வருமான வரித் துறை முத்திரை, பிஎஸ்ஆர் கோடு (வங்கிக் கிளையின் எண்), சலான் நம்பர், தேதி எல்லாம் இருக்கிறது. என் பெயரும் பான் நம்பரும் இருக்கும் வரி மட்டும் மற்ற எழுத்தைவிடக் கொஞ்சம் தடிமனாக, ஒரு நூல் மேலே ஏறி நிற்கிறது. வேறு யாருடைய சலானிலோ என் பெயரை ஒட்டியிருக்கிறார்.

விஷயம் வெளியே வந்தது தற்செயலாகத்தான். வங்கியில் கடன் கேட்கப் போனபோது ஐடிஆர் (தாக்கல் செய்த வரிக் கணக்கு) நகலை வருமான வரித் தளத்திலிருந்தே இறக்கித் தரச் சொன்னார்கள். கடைக்காரர் வைத்த பாஸ்வேர்டை ஆதார் ஓடிபி மூலம் மாற்றி உள்ளே போனேன். ப்ரொஃபைலில் என் போன் நம்பர் இல்லை, கடை நம்பரும் கடை மெயிலும் இருந்தன. வரி கட்டும் இ-பே டாக்ஸ் பகுதியில் பேமென்ட் ஹிஸ்டரி காலி. கணக்கைத் துறை பரிசீலித்து, அந்த சலான் பொருந்தவில்லை என்று முழுத் தொகையையும் வட்டியோடு பாக்கியாகக் காட்டியிருந்தது. அந்த அறிவிப்பெல்லாம் அவருடைய மெயிலுக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. எனக்கு ஒன்றுகூட வரவில்லை.

நேராகக் கடைக்குப் போனேன். "சர்வர் பிராப்ளம் தம்பி, ரெண்டு நாள்ல ஏறிடும்." ரெண்டு நாள் கழித்துப் போனால், "பேங்க்ல ரிவர்ஸ் ஆயிருக்கும், செக் பண்றேன்." அப்புறம், "செப்டம்பர் வரிக்கும் டைம் இருக்குதே, இன்னாத்துக்கு டென்ஷன் ஆவுற?" வாட்ஸ்அப்பில் நீல டிக் விழும், பதில் வராது. ஒரு நாள் கடையில் இருந்த பெண், அண்ணன் ஊருக்குப் போயிருக்கிறார் என்று சொன்னது. உள்ளே அவர் போனில் பேசும் குரல் எனக்கே கேட்டது. கடைசியில் நேரில் பிடித்து ஜிபே ரசீதைக் காட்டினால், அது தன் அக்கவுண்டே இல்லையாம், முன்னால் வேலை பார்த்த பையனுடையதாம், "அவன்கிட்ட போய்க் கேளு" என்கிறார். அவர் சொல்லித்தான் அந்த க்யூஆரை ஸ்கேன் செய்தேன். அது அவர் மேஜை மேல்தான் ஒட்டியிருந்தது. எங்கள் அம்மா போய் நின்றார். "பெரியம்மா, நீங்க இதுலலாம் தலையிடாதீங்க" என்று அனுப்பிவிட்டார். எனக்கு வயிறு எரிந்தது அந்த வார்த்தைக்குத்தான்.

சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குப் போன் செய்து புகார் பதிந்தேன். காவல் நிலையத்திலும் எழுதிக் கொடுத்து சிஎஸ்ஆர் (புகார் வாங்கிக்கொண்டதற்கான ரசீது) வாங்கியிருக்கிறேன். ஆனால் வரித் துறைக்கு அந்தக் கடைக்காரர் யாரென்றே தெரியாது, பாக்கி என் பான் மேல் நிற்கிறது. விட்டால் மாதா மாதம் வட்டி ஏறும். மனைவியின் வளையலை அடகு வைத்து, போன வாரம் என் வங்கிக் கணக்கிலிருந்தே கட்டினேன். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. சலான் உடனே வந்தது, பேமென்ட் ஹிஸ்டரியிலும் ஏறிவிட்டது. எதுவும் ஹேங் ஆகவில்லை. இந்த ஐந்து நிமிஷ வேலைக்குப் போனதுதான் 33,820 ரூபாய்.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். வரிப் பணத்தை உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து, வருமான வரித் தளத்தின் இ-பே டாக்ஸ் வழியாக மட்டும் கட்டுங்கள். தனி ஆள் அக்கவுண்டுக்குப் போடவே போடாதீர்கள். ப்ரொஃபைலில் உங்கள் போன் நம்பர், உங்கள் மெயில்தான் இருக்கிறதா என்று பாருங்கள். கடையில் பாஸ்வேர்ட் வைத்திருந்தால் இன்றே மாற்றுங்கள். தளத்தில் இ-ஃபைலிங் வால்ட் என்று ஒன்று இருக்கிறது, அதைப் போட்டுவிட்டால் வெறும் பாஸ்வேர்டை வைத்து யாரும் நுழைய முடியாது. பிரிண்ட் எடுத்துத் தரும் சலானை நம்பாதீர்கள், 26ஏஎஸ்-இலோ (உங்கள் பான் மேல் வந்து சேர்ந்த வரியைக் காட்டும் பட்டியல்) பேமென்ட் ஹிஸ்டரியிலோ ஏறியிருந்தால்தான் பணம் போய்ச் சேர்ந்ததாக அர்த்தம். தாக்கல் செய்த 30 நாளுக்குள் இ-வெரிஃபை (கணக்கு உங்களுடையதுதான் என்று ஓடிபி போன்றவற்றால் உறுதி செய்வது) ஆகவில்லை என்றால் அதுவும் சிக்கல். தளத்தில் தாக்கல் செய்யக் கட்டணம் எதுவும் கிடையாது. சந்தேகம் இருந்தால் துறையின் உதவி எண் 1800 103 0025.

டெய்லி பத்து பேருக்குக் கட்டுகிறேன் என்று அவர் வாயாலேயே சொன்னார். அந்தப் பத்து பேரில் யாராவது இதைப் படித்தால், இன்று ராத்திரியே லாகின் செய்து பாருங்கள். பணம் ஏறவில்லை என்றால் ஜிபே ரசீதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு எனக்குச் சொல்லுங்கள். என் சிஎஸ்ஆர் நகலோடு சேர்ந்தே போய்ப் புகார் கொடுப்போம்.