கும்பகோணத்து நாயும் பூனையும் டோர்ட்முண்டில்: எது உழைத்தது, எது வீண்?

நாய், பூனையின் விமானப் பயணத்துக்காக வாங்கிக் குவித்த பொருள்களில் இன்றும் அன்றாடம் பயன்படுபவை இரண்டே: கடினப் பிளாஸ்டிக் கூண்டு, நாயின் உடம்பைச் சுற்றி மாட்டும் மூன்று பட்டை வைத்த மார்புக்கச்சை. மற்றவை அடுக்ககத்தின் நிலவறையில் தூசி தின்கின்றன. கும்பகோணத்திலிருந்து ஜெர்மனியின் டோர்ட்முண்ட் நகருக்கு ஒரு நாட்டு நாயோடும் ஒரு பூனையோடும் குடிபெயர்ந்து சில குளிர்காலங்கள் கடந்துவிட்டன. தஞ்சாவூர், மயிலாடுதுறை, திருவாரூர்ப் பக்கத்து உறவினர்களும் நண்பர்களும் இதையே விசாரித்துக்கொண்டிருப்பதால் எழுதி வைக்கிறேன்.

நாய் கருப்பன், காவிரிக்கரைத் தெருவில் கயிறே அறியாமல் வளர்ந்தவன். பூனை செல்லி, கொல்லைப்புறத்து நெல் மூட்டைகளுக்கு நடுவே எலி பிடித்து வாழ்ந்தவள். “மனுசர்களுக்கே விசா கிடைக்கவில்லை, இதுகளுக்கு என்னடி?” என்று அத்தை கேட்டது நியாயமான கேள்விதான்.

முதலில் காலக்கணக்கு. வெறிநோய் விஷயத்தில் ஐரோப்பிய ஒன்றியம் சலுகை காட்டும் நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லை. ஜெர்மனியோ 2008 முதல் தரைவாழ் விலங்குகளிடம் வெறிநோய் இல்லாத நாடு. ஆகவே கெடுபிடியைக் குறைசொல்ல மாட்டேன். வரிசை மட்டும் மாறவே கூடாது. தோலுக்கடியில் செலுத்தும் 15 இலக்க அடையாள மைக்ரோசிப் முதலில். அதற்குப் பிறகோ அதே நாளிலோ போட்ட தடுப்பூசிதான் செல்லும்; கருப்பனுக்கு ஊர்க் கால்நடை மருந்தகத்தில் ஆண்டுதோறும் தவறாமல் போட்டுவந்த ஊசிகள் எல்லாம் சிப் இல்லாத காலத்தவை என்பதால் கணக்கில் சேரவில்லை. ஊசி போட்டுக் குறைந்தது 30 நாள் கழித்து இரத்தம் எடுத்து, ஐரோப்பிய ஒன்றியம் அங்கீகரித்த ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். எதிர்ப்பாற்றல் மில்லிலிட்டருக்கு 0.5 சர்வதேச அலகாவது இருக்க வேண்டும். இரத்தம் எடுத்த நாளிலிருந்து மேலும் மூன்று மாதம் காத்திருப்பு. குறுவைக்கு விதை விட்டு அறுவடை பார்க்கும் காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலை உத்தரவு கையில் வந்தபின் தொடங்கினால் மனிதர்கள் முன்னே போக, பிராணிகள் ஊரில் தங்க நேரும்.

திருச்சியில் பன்னாட்டு விமான நிலையம் இருந்தும் இதற்கு உதவாது. பிராணிகளை வெளிநாட்டுக்கு அனுப்பும் சான்றிதழை மத்திய அரசின் விலங்குத் தனிமைப்படுத்தல் நிலையம் தர வேண்டும். நமக்கு அது சென்னை. அந்தச் சான்றிதழோ ஜெர்மனியில் இறங்குவதற்கு முந்தைய பத்து நாளுக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும். அதனால் கடைசி வாரத்தைச் சென்னையிலேயே கழிப்பது நல்லது. உறவினர் வீடு இருந்தால் கூச்சப்படாமல் கேளுங்கள், நாய் வரும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டு.

இனி கூண்டு. நாய் நிமிர்ந்து நிற்கவும், திரும்பவும், இயல்பாகப் படுக்கவும் இடம் வேண்டும் என்பது சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் விதி. நீளத்துக்கு, மூக்கு நுனியிலிருந்து வாலின் அடிவரை அளந்து, தரையிலிருந்து முழங்கை வரையுள்ள உயரத்தில் பாதியைக் கூட்ட வேண்டும். தோள் அகலத்தின் இரு மடங்கு கூண்டின் அகலம். நிற்கும் உயரத்தோடு விரிப்பின் தடிமனையும் சேர்த்தால் கூண்டின் உயரம். கடைக்காரர் நாயின் எடையைக் கேட்டு ஒரு கூண்டை நீட்டுவார். நம்பாமல் டேப்பை எடுங்கள். நம் நாட்டு நாய்களுக்கு எடை குறைவு, கால் நீளம். எடையை வைத்து வாங்கினால் தலை இடிக்கும். பிளாஸ்டிக் கிளிப் வைத்த கூண்டைத் தவிர்த்து, இரும்பு மரையாணி போட்டதாகப் பார்த்து வாங்குங்கள்.

எங்கள் கூண்டு பல மாதங்களுக்கு முன்பே திண்ணைக்கு வந்துவிட்டது. கதவைக் கழற்றி வைத்து, தயிர்சாதத்தை உள்ளே வைப்போம். முதலில் கழுத்தை மட்டும் நீட்டிச் சாப்பிட்டான். பிறகு மதிய வெயிலுக்கு அவனாகவே உள்ளே போய்ப் படுத்தான். விரிப்பு, அம்மாவின் பழைய நூல் புடவை. மயக்க மருந்து கொடுக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். கூடாது, உயரத்தில் மூச்சும் இரத்த அழுத்தமும் தடுமாறும் என்பதால் விமான நிறுவனங்களே மறுக்கின்றன. அந்தத் திண்ணைப் பழக்கம்தான் எங்களுக்கு மருந்தாக இருந்தது. பிராங்க்பர்ட்டில் இறங்கியபோது கருப்பன் களைத்திருந்தான், கலங்கவில்லை.

செல்லி எங்களோடு கேபினில் வந்தாள். நாங்கள் வந்த விமானத்தில் பையோடு சேர்த்து 8 கிலோ வரை அனுமதி. பாதுகாப்புச் சோதனையில் பை மட்டும் எக்ஸ்ரேயில் போகும், பூனையைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்க வேண்டும். பூனைக்கும் கச்சையும் வாரும் இல்லாமல் விமான நிலையத்துக்குள் நுழையாதீர்கள்.

மனத்தை அமைதிப்படுத்தும் என்று விற்கும் தெளிப்பான் சுத்த வீண். பயணத் தண்ணீர்ப் புட்டியும் அப்படியே.

ஊர் உணவைக் கட்டிக்கொண்டு வர நினைப்பவர்களுக்கு ஒரு வேடிக்கை. ஐரோப்பாவுக்குள் இறைச்சி, பால் சார்ந்த எதையும் பயணிகள் கொண்டுவர முடியாது. வீட்டில் உருக்கிய நெய்யும் அதில் அடக்கம், இறைச்சி கலந்த நாய்த் தீனியும் அடக்கம். ஆனால் சொந்த உபயோகத்துக்கு 20 கிலோ வரை மீன் பொருள்களுக்கு அனுமதி உண்டு. நாகப்பட்டினத்துக் கருவாடு அப்படித்தான் வந்தது. செல்லிக்கு அதில் பங்கு கொடுத்தது சட்டப்படி சரியா என்று நான் யாரிடமும் கேட்கவில்லை.

வீடு கிடைப்பதுதான் பெரும்பாடு. வாடகை ஒப்பந்தத்தில் நாய், பூனைக்கு ஒட்டுமொத்தத் தடை போடுவது செல்லாது என்று ஜெர்மனியின் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் 2013இல் தீர்ப்பளித்தது உண்மை. ஆனால் அந்தத் தீர்ப்பைக் காட்டி யாரும் வாடகைக்கு வீடு பிடித்ததாக நான் கேள்விப்படவில்லை. விண்ணப்பத்தோடு கருப்பனின் படம், தடுப்பூசி விவரம், நாயால் பிறருக்கு நேரும் சேதத்தை ஈடுகட்டும் பொறுப்புக் காப்பீட்டுச் சான்று ஆகியவற்றை வைத்தோம். அதற்குப் பலன் இருந்தது. பூனையை மறைத்துவிடலாம் என்று யோசனை சொல்பவர்களிடமிருந்து விலகியிருங்கள்.

எங்கள் மாநிலமான நார்த்ரைன்-வெஸ்ட்பாலியாவில் தோள் உயரம் 40 சென்டிமீட்டரையோ எடை 20 கிலோவையோ எட்டும் நாய் ‘பெரிய நாய்’. அதை நகர நிர்வாகத்தில் பதிய வேண்டும். சிப், காப்பீடு, நாய் வளர்ப்பு பற்றிய அறிவுச் சான்று மூன்றும் கேட்பார்கள். ஆம், தேர்வு நமக்குத்தான், நாய்க்கு இல்லை. நகராட்சிக்கு நாய் வரியும் கட்ட வேண்டும். பூனைக்கு வரி இல்லை என்பதில் செல்லி நிமிர்ந்து நடக்கிறாள்.

அடுக்ககத்தில் நான் அதிகம் பயந்தது சன்னலுக்கு. நம் ஊரில் சன்னல் என்றால் இரும்புக் கம்பி இருக்கும். பூனை நுழையும், குழந்தை விழாது. இங்கே கம்பியே கிடையாது. கதவைப் போலவும் திறக்கலாம், மேல்பக்கத்தை மட்டும் உள்நோக்கிச் சாய்த்தும் வைக்கலாம். அந்தச் சாய்ந்த இடுக்கில்தான் ஆபத்து. வெளியே போக முயலும் பூனை கீழே சறுக்கி இடுக்கில் நசுங்கி உயிரை விடுவதுண்டு. முதல் நாளே பக்கவாட்டு இடைவெளிகளை மறைக்கும் தடுப்புகளை வாங்கி மாட்டினோம். விலை சொற்பம். பால்கனி வலைக்கு வீட்டு உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்கி, சுவரில் துளையிடாமல் கம்பங்களை அழுத்திப் பொருத்தும் வகையைப் போட்டோம். வெயில் பட்டுச் சில இடங்களில் வலை இற்றுப்போனது. இரண்டாவது முறை கம்பியிழை கலந்த வலை வாங்கினோம், அது நிற்கிறது.

கருப்பனுக்குத் தரை சிக்கலானது. ஊரில் சிவப்பு சிமெண்ட் தரை. இங்கே பளபளக்கும் மரத்தோற்றப் பலகையில் கால் வழுக்கும். கீழ்வீட்டுக்காரருக்கு நகச் சத்தம் வேறு. அடியில் ரப்பர் ஒட்டிய நீளப் பாய்களை வாசலிலிருந்து கூண்டுவரை விரித்தோம். அந்தக் கூண்டு, அதே நூல் புடவையோடு, படுக்கையறை மூலையில் போய் உட்கார்ந்தது. லிப்ட் சத்தமோ கதவு மணியோ கேட்டால் அதற்குள் போய்விடுவான். டிசம்பர் 31 நள்ளிரவு வாணவேடிக்கை தீபாவளியைத் தோற்கடிக்கும். அன்றும் அவனுக்கு அதே இடம்தான்.

மார்புக்கச்சையைப் பற்றி ஒரு வார்த்தை. கயிறு பழகாத தெரு நாய் மிரண்டால் பின்னோக்கி இழுத்துச் சாதாரணக் கழுத்துப்பட்டையிலிருந்து தலையை உருவிக்கொள்ளும். இடுப்புக்கு அருகிலும் ஒரு பட்டை உள்ள கச்சையில் அது நடக்காது. முதல் டிராம் வண்டியைப் பார்த்த அன்றே அதன் விலை கழிந்துவிட்டது. குளிர் அங்கி குட்டை முடி நாய்க்குத் தேவை, ஆனால் ஊரில் வாங்காதீர்கள். இங்கே வந்து அளவு பார்த்து வாங்குங்கள். பனிக்காலத்தில் நடைபாதையில் உப்புத் தூவுவார்கள். வீட்டுக்கு வந்ததும் பாதத்தை வெந்நீர்த் துணியால் துடைக்காவிட்டால் வெடிக்கும்.

பொங்கலுக்கு நாயையும் ஊருக்கு அழைத்துவர ஆசைப்படுபவர்கள், புறப்படும் முன் இங்குள்ள மருத்துவரிடம் ஐரோப்பியப் பிராணி பாஸ்போர்ட் வாங்கி, இரத்தப் பரிசோதனை முடிவை அதில் பதிய வைத்துக்கொள்ளுங்கள். தடுப்பூசி ஒரு நாள்கூட விட்டுப்போகாமல் தொடர்ந்தால் திரும்பும்போது மூன்று மாதக் காத்திருப்பு இல்லை. விட்டுப்போனால் ஊசியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.