டிரைமெட்டலா, அலுமினியமா: ரேஸ் என்ஜினுக்கு எந்த பேரிங்?

நான்கு சிலிண்டர் டர்போ ரேஸ் என்ஜின் ஒன்றை இரண்டு முறை கட்டியிருக்கிறேன். கிராங்க் தண்டையும், பிஸ்டனை அதோடு இணைக்கும் ராடுகளையும் தாங்கும் பேரிங்குகள் (ஷெல் எனப்படும் இரண்டு அரைவட்டத் தகடுகள்) முதல் தடவை அலுமினியம், அடுத்த தடவை டிரைமெட்டல். பூஸ்டும் ஆயிலும் மாறவில்லை. மூன்றாவது முறைக்கும் டிரைமெட்டல் செட்தான் வாங்கி வைத்திருக்கிறேன். அதனால் என் பேச்சு எந்தப் பக்கம் சாயும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இரண்டுக்கும் முதுகு எஃகுதான். அலுமினிய வகையில் அதன் மேல் டின்னும் சிலிக்கானும் கலந்த அலுமினியம் சுமார் 0.3 மி.மீ. கனத்துக்கு இருக்கும். டிரைமெட்டலில் எஃகின் மேல் செம்பு-ஈய அடுக்கு, அதன் மேல் மிக மெல்லிய நிக்கல், கடைசியாக ஈயம், டின், செம்பு சேர்ந்த மிருதுவான ஓவர்லே. ரேஸுக்கென்று வரும் ஷெல்லில் இந்த ஓவர்லே ஏறக்குறைய 12 மைக்ரான்தான். இவ்வளவு மெல்லியதாக இருப்பதால்தான் அது அடி தாங்குகிறது. கனம் கூடினால் சுமையில் சீக்கிரம் விரிசல் விட்டு உதிரும். சுமை தாங்குவதில் டிரைமெட்டல் ஒரு படி மேல் என்பது தெரிந்த கதை.

அலுமினியத்தை ஒதுக்கவும் முடியாது. கிராங்க் வார்ப்பிரும்பாக இருந்தால் அதுவே பொருத்தம். அதிலுள்ள சிலிக்கான் துகள்கள் ஜர்னலில் (கிராங்க்கில் பேரிங் அமரும் வட்டப் பகுதி) இருக்கும் நுண்ணிய பிசிறுகளைத் தேய்த்து மெருகேற்றிவிடும். கொஞ்சம் தூசி வந்தாலும் புதைத்துக்கொள்ள அதில் ஆழம் உண்டு. ரேஸ் டிரைமெட்டலில் அந்த ஆழம் கிடையாது. கழுவும்போது ஆயில் துளையில் ஒரு பொடி தங்கினாலும் ஜர்னலில் கோடு விழும். சாலையில் ஓடுகிற, வருடக்கணக்கில் திறக்கப் போகாத என்ஜினுக்கு நான் அலுமினியத்தையே சொல்வேன்.

ஆனால் ரேஸ் என்ஜினை நாம் அடிக்கடி திறக்கிறோம். எனக்கு முடிவு செய்து கொடுத்தது அதுதான்: கழற்றிய ஷெல் நம்மிடம் என்ன சொல்கிறது?

முதல் என்ஜினைச் சில ரேஸுக்குப் பிறகு திறந்து பார்த்தேன். ஷெல்கள் எல்லாம் ஒரே சாம்பல் நிறம், சில இடங்களில் லேசான பளபளப்பு. நல்லாத்தான் இருக்கிறது என்று திரும்ப மாட்டினேன். இரண்டு ரேஸ் கழித்து மூன்றாவது ராடின் பிக் எண்ட் பேரிங் (கிராங்க் பக்கத்துப் பெரிய முனையில் இருப்பது) போயிற்று. அலுமினியம் உருகி ஜர்னலில் அப்பிக்கொண்டது. எல்லாமே இழுபட்டுப் போயிருந்ததால் காரணம் கடைசி வரை பிடிபடவில்லை. அது நைட்ரைடு செய்த (மேற்பரப்பை நைட்ரஜனால் கடினமாக்கிய) ஃபோர்ஜ்டு (அடித்து உருவாக்கிய) கிராங்க். 0.25 மி.மீ. கிரைண்ட் செய்து அண்டர்சைஸ் பேரிங் (சிறுத்த ஜர்னலுக்கான கனமான ஷெல்) போடலாம்தான், ஆனால் அந்தக் கடினப் படலத்தில் பெரும்பகுதி கிரைண்டிங்கிலேயே போய்விடும்; மறுபடி நைட்ரைடு செய்தாக வேண்டும். நான் வேறு கிராங்க் தேடினேன்.

இரண்டாவது தடவை, டிரைமெட்டல். அதேபோல் சில ரேஸ் கழித்துத் திறந்தேன். இரண்டாவது ராடின் மேல் ஷெல்லில் ஒரு ஓரமாக ஓவர்லே தேய்ந்து செம்பு நிறம் எட்டிப் பார்த்தது. கீழ் ஷெல்லில் அதற்கு நேர் எதிர் ஓரம். இப்படி மாறி மாறித் தேய்ந்திருந்தால் முதலில் ராடு வளைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பார்த்தேன், கொஞ்சமாக வளைந்திருந்தது. ராடை மாற்றி, ஜர்னலை மெருகிட்டதோடு முடிந்தது. 12 மைக்ரான் படலம் முன்கூட்டியே சொன்னதால் கிராங்க் பிழைத்தது.

ஆயில் ஃபில்டரை வெட்டிப் பார்க்கும்போதும் இதே வித்தியாசம். அலுமினியத் துகள் கிடைத்தால் அது பிஸ்டனா பேரிங்கா என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டும். செம்பு மின்னினால் தேட வேண்டிய இடம் குறைவு. அதிலும் ஒரு எச்சரிக்கை உண்டு: ராடின் சிறிய முனையில் இருக்கும் புஷ்ஷும் டர்போவின் புஷ்ஷும் வெண்கலமாக இருக்கலாம், அவற்றையும் பார்த்துவிட்டுத்தான் சம்பைக் (என்ஜின் அடியிலுள்ள ஆயில் தொட்டி) கழற்ற வேண்டும்.

கிளியரன்ஸ் (ஜர்னலுக்கும் ஷெல்லுக்கும் இடையிலான இடைவெளி) சரிசெய்வதிலும் ரேஸ் டிரைமெட்டல் வசதி. கிளீவைட் பிராண்டின் ஹெச் வரிசையில் எக்ஸ் என்று முடியும் ஷெல்களைப் போட்டால் கிளியரன்ஸ் 0.001 இன்ச் கூடும். ஒரு பாதி சாதா, ஒரு பாதி எக்ஸ் என்று கலந்தால் 0.0005 இன்ச். 2 இன்ச் ஜர்னலுக்கு 0.0025 வேண்டும், அளந்தால் 0.0020 வருகிறது என்றால் கிராங்க்கைத் தொடாமலே வேலை முடிந்துவிடும். ராடை முழு டார்க்கில் இறுக்கி, போர் கேஜை (உள்விட்டம் அளக்கும் கருவி) ஷெல்கள் சேரும் கோட்டுக்குச் செங்குத்தாக வைத்து அளக்க வேண்டும். சேரும் இடத்தில் ஷெல்லை வேண்டுமென்றே மெல்லியதாகச் செய்திருப்பார்கள். அங்கே அளந்தால் கிளியரன்ஸ் கூடுதலாகக் காட்டும்.

அப்புறம் கோட்டிங் போட்ட டிரைமெட்டல். கிராஃபைட், மாலிப்டினம் டைசல்பைடு மாதிரி வழுக்கும் பொருள்களைப் பாலிமரில் கலந்து மேலே பூசியது. ஆயில் வந்து சேராத முதல் சில சுற்றுகளில் இது காப்பாற்றும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நான் ஓட்டியது ஒரே ஒரு செட், அதுவும் அரை சீசன். கழற்றியபோது சுமை விழும் இடத்தில் மட்டும் பூச்சு போயிருந்தது, கீழே ஓவர்லே முழுசாக இருந்தது. சுத்தமான ஆயிலும் சரியான அளவும்தான் காரணமோ என்னவோ, பூச்சுக்கு மட்டும் பெயர் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. மெத்தனாலில் ஓடும் என்ஜினும் நான் கட்டியதில்லை. எரிபொருள் ஆயிலில் இறங்கும் அந்த மாதிரி என்ஜின்களுக்கு இந்த அலசலை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இப்போது ஒவ்வொரு முறை திறக்கும்போதும் கழற்றிய ஷெல்லின் முதுகில் மார்க்கரால் சிலிண்டர் எண், மேல், கீழ், எந்தப் பக்கம் முன்புறம் என்று எழுதி உறையில் போட்டுவைக்கிறேன். அடுத்த செட்டைக் கழற்றும்போது பழையதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், செம்பு தெரியும் இடம் நகர்ந்திருக்கிறதா, பெரிதாகியிருக்கிறதா என்பது அரை நிமிடத்தில் தெரிந்துவிடுகிறது.